அலமாரியில் ஒளித்துவைத்த மதிய உணவு

1960-ஆம் ஆண்டு நவம்பர் 14. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், அதுவரை வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே படித்துவந்த வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப்பள்ளிக்குள் ஆறு வயது ரூபி பிரிட்ஜஸ் போனாள். கறுப்பினப் பிள்ளை என்பதால் மத்திய அரசின் மார்ஷல்கள் நான்கு பேர் காவலுக்கு வரவேண்டியிருந்தது. வாசலில் பெரியவர்கள் கூடி நின்று கத்தினார்கள். அந்த நாட்களில் ஒருத்தி சின்னச் சவப்பெட்டிக்குள் கறுப்புப் பொம்மையைக் கிடத்திக் கொண்டுவந்து காட்டினாள். இன்னொருத்தி விஷம் வைத்துவிடுவதாக மிரட்டினாள். வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்விட, வகுப்பில் மிஞ்சியது ரூபியும் ஆசிரியை பார்பரா ஹென்றியும்தான்.

கொஞ்ச நாளில் அந்த வகுப்பறையில் எலியும் கரப்பானும் நடமாட ஆரம்பித்தன. தேடிப் பார்த்தால், அலமாரிக்குள் சாண்ட்விச்சுகள் காய்ந்து கிடந்தன. பசை வைக்கும் ஜாடியில் பால் ஊற்றப்பட்டிருந்தது. வீட்டில் கட்டிக்கொடுத்த மதிய உணவைச் சாப்பிடாமல் ரூபி ஒளித்துவைத்திருந்தாள். வீட்டுக்குப் போனாலும் கவர் பிரிக்காத தின்பண்டமாக இருந்தால்தான் தொடுவாள். இரவில் கெட்ட கனவுகள் வந்தன.

இந்தப் பிள்ளையை நாம் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனால் சீட்டில் என்ன எழுதுவார்? பசியில்லை, தூக்கமில்லை, பயம். மூன்றும் உண்மை. ஆனால் மூன்றுக்கும் காரணம் பள்ளி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது. மாணவர் மனநலம் பற்றிப் பேசும்போது இந்த இடத்தில்தான் நாம் அடிக்கடி சறுக்குகிறோம். அறிகுறி பிள்ளையிடம் தெரிவதால் கோளாறும் பிள்ளையிடமே இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

ரூபிக்கு உதவத் தானாக முன்வந்த மனநல மருத்துவர் ராபர்ட் கோல்ஸ், அவளைப் படம் வரையச் சொன்னார். வெள்ளையர்களை அவள் பெரிதாக, கை கால் விரல் எல்லாம் முழுசாக வரைந்தாள். கறுப்பினத்தவரை வரையும்போது உருவம் சிறுத்தது. விரலோ காதோ விட்டுப்போனது. பல மாதங்கள் அவள் பழுப்பு, கறுப்பு கிரேயான்களை மண்ணையும் தரையையும் தீட்ட மட்டும்தான் எடுத்தாள். வாயால் சொல்லத் தெரியாததைப் பிள்ளையின் கை சொல்லிவிட்டது.

பொம்மை சொன்ன சாட்சி

ரூபிக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஒரு தம்பதி. மேமி கிளார்க், கென்னத் கிளார்க். இருவரும் கறுப்பினத்தவர், இருவரும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்கள். நிறம் தவிர வேறு எந்த வித்தியாசமும் இல்லாத பொம்மைகளைச் சிறு பிள்ளைகளின் முன்னால் வைத்தார்கள். எதோடு விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது கெட்டது? கறுப்பினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். கடைசியாக, ‘இதில் உன்னைப் போல இருப்பது எது?’ என்ற கேள்வி. சில பிள்ளைகள் அழுதார்கள். சிலர் அறையை விட்டே ஓடினார்கள்.

தெற்குக் கரோலினா மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்கு ஒன்றுக்காக அங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் 16 பேரிடம் கென்னத் கிளார்க் இதே சோதனையைச் செய்தார். பத்துப் பேர் வெள்ளைப் பொம்மையை விரும்பினார்கள். பதினொரு பேர் பழுப்புப் பொம்மையைக் கெட்டது என்றார்கள். அந்த வழக்கு உட்பட ஐந்து வழக்குகளைச் சேர்த்து விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1954 மே 17-ஆம் தேதி ‘பிரௌன்’ வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பிள்ளைகளை இனவாரியாகத் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்துப் படிக்கவைப்பது, பிரிக்கப்பட்ட பிள்ளையின் மனதில் தான் தாழ்ந்தவன் என்ற எண்ணத்தை ஊன்றிவிடுகிறது, அதை மாற்றுவது கடினம் என்றது தீர்ப்பு. மனநலம் என்ற சொல் பொதுப்பேச்சுக்கு வராத காலத்தில், ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் பிள்ளையின் மனக்காயத்தைச் சட்டத்தின் முன் வைக்கத் தக்க சேதமாக ஏற்றுக்கொண்டது. மருத்துவத்தின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு இந்தத் தீர்ப்பின் பெருமை அதுதான்.

மக்கு என்று எழுதிவைத்த பிள்ளைகள்

கிளார்க் தம்பதியைப் பற்றிப் பேசுபவர்கள் பொம்மையோடு நிறுத்திக்கொள்வார்கள். மேமி செய்த இன்னொரு வேலையை நான் அதைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

1946-இல், தந்தையிடம் 946 டாலர் கடன் வாங்கி, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் பிள்ளைகளுக்கான மனநல மையம் ஒன்றை அவர் தொடங்கினார். நார்த்சைட் என்று பெயர். அங்கே பெற்றோர் ஒரே மாதிரியான குறையோடு வந்தார்கள். ‘என் மகனுக்கு மூளை வளர்ச்சி இல்லையென்று சொல்லித் தனி வகுப்பில் போட்டுவிட்டார்கள். வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறான், நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.’ மேமி சோதித்துப் பார்த்தார். பெரும்பாலான பிள்ளைகளின் அறிவுத்திறன் அந்த வகுப்புக்கான வரம்பைத் தாண்டியிருந்தது. அதாவது, அவர்களை அங்கே உட்காரவைத்ததே சட்டப்படி தவறு.

அந்தப் பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள். தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு போய், தன்னை மக்கு என்று எழுதிவைத்த அறையில் உட்கார வேண்டும். கேள்விக்குப் பதில் தெரிந்தாலும் சொல்லத் தோன்றாது. சில மாதங்களில் எழுதிவைத்ததே உண்மை மாதிரி ஆகிவிடும். இதற்கு மருந்து முத்திரையைக் கிழிப்பதுதான். நார்த்சைட் அதோடு நிற்காமல் கணக்கு, வாசிப்பு வகுப்புகளும் நடத்தியது. பாடத்தில் பின்தங்கிய பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதும் மனநல சிகிச்சையில் சேர்த்திதான் என்பது மேமியின் எண்ணம். மையம் இன்றும் நடக்கிறது.

சொட்டுச் சொட்டாக

வாசலில் கூட்டம் நின்று கத்துவது இன்று அபூர்வம். வேறு வடிவில் நடக்கிறது. ‘உன் இங்கிலீஷ் ரொம்ப நன்றாக இருக்கிறதே’ என்று அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளையிடம் வியப்பது. கறுப்பினப் பெண்ணின் சுருள்முடியை அனுமதி கேட்காமல் தொட்டுப் பார்ப்பது. வருகைப் பதிவு எடுக்கும்போது ஒரு பெயருக்கு மட்டும் தயங்கி, சிரித்து, ‘சுருக்கமாகக் கூப்பிடட்டுமா?’ என்பது. முடி அலங்காரத்துக்காகக் கறுப்பின மாணவர்களைப் பள்ளிகள் தண்டிப்பது அந்த அளவுக்குப் போனதால்தான், 2019-இல் கலிஃபோர்னியா மாநிலம் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டது. மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

இத்தகைய சின்னச் சின்ன அவமதிப்புகளுக்கு 1970-இல் ‘மைக்ரோஅக்ரஷன்’ என்று பெயர் வைத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ். ஒவ்வொன்றும் ஒரு சொட்டுதான், பல வருடம் விழுந்தால் கல்லும் குழியும் என்பதே அவர் சொன்னதன் சாரம். அதே பியர்ஸ்தான் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் தொலைக்காட்சித் தொடருக்கு ஆலோசகராக இருந்தார். எல்லா நிறத்துக் குழந்தைகளும் ஒரே தெருவில் சேர்ந்து விளையாடுவதை மூன்று வயதுப் பிள்ளை பார்த்து வளரவேண்டும் என்று அவர் நினைத்தார். நோயைப் பற்றி எழுதிய மருத்துவரே தடுப்பூசிக்கும் வழி செய்தார் என்று சொல்லலாம்.

உடலுக்குள் நடப்பது எளிமையாகச் சொன்னால் இதுதான். ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் கார்டிசால், அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், தசை இறுகும். ஆபத்து போனதும் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். எந்த நிமிடம் யார் என்ன சொல்வார்களோ என்று எட்டு மணி நேரமும் உஷாராக இருக்கும் பிள்ளைக்கு அந்தப் பழைய நிலை திரும்புவதில்லை. தூக்கம் கெடுகிறது. தலைவலி, வயிற்றுவலி வருகிறது. கவனம் சிதறுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019-இல் இனவெறி குழந்தைகளின் ஆரோக்கியத்தைப் பாதிக்கும் காரணி என்று கொள்கை அறிக்கையே வெளியிட்டது. தட்டம்மை, சத்துக்குறைவு என்று பேசும் சங்கம் இதையும் அந்த வரிசையில் வைத்தது.

கோபத்துக்குள் ஒளிந்திருப்பது

மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நம் மனதில் ஒரு படம் இருக்கிறது. பிள்ளைகளிடம் அது பல நேரம் எரிச்சலாக வரும். சட்டென்று கோபம், மேசையைத் தட்டுவது, ஆசிரியரிடம் எதிர்த்துப் பேசுவது. வெள்ளைக்காரப் பையன் இப்படி நடந்தால், ‘வீட்டில் ஏதோ பிரச்சினை போல, கவுன்சிலரிடம் அனுப்புவோம்’ என்று தோன்றுகிறது. கறுப்பினப் பையன் செய்தால் அது அடங்காமை. அவனுக்குக் கிடைப்பது சஸ்பென்ஷன்.

இது வெறும் மனக்குறை இல்லை. அமெரிக்கக் கல்வித் துறை சேகரித்த 2013–14 கல்வியாண்டுக் கணக்கின்படி, வெள்ளை மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்கள் பள்ளியிலிருந்து சஸ்பெண்ட் ஆவது 3.8 மடங்கு அதிகம். மழலையர் வகுப்பில், அதாவது நான்கு வயதுப் பிள்ளைகளிடத்தில்கூட, 3.6 மடங்கு. நான்கு வயதில் ஒரு பிள்ளையை எதற்காக வீட்டுக்கு அனுப்புவீர்கள்?

யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியமும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குக் கொஞ்சம் விடை தருகிறது. மழலையர் ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோ காட்டினார்கள். கறுப்பினச் சிறுவன், சிறுமி, வெள்ளைச் சிறுவன், சிறுமி என நான்கு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ‘யாராவது சேட்டை செய்யப்போகிறார்களா என்று கவனியுங்கள்’ என்றார்கள். உண்மையில் வீடியோவில் சேட்டை எதுவுமே இல்லை. ஆசிரியர்களின் கண் எங்கே போகிறது என்று கருவி பதிவு செய்தது. கறுப்பினச் சிறுவன் மேல்தான் அது அதிக நேரம் நின்றது. கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்கில்லை. எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும் கண்ணுக்குத் தப்பு தட்டுப்படாமல் போகாது.

தண்டனை கிடைத்த பிள்ளைக்குச் சிகிச்சை தள்ளிப்போகிறது. அதன் விளைவு எதுவரை போகும் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 2001 முதல் 2015 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 5 முதல் 12 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகளின் தற்கொலை விகிதம் அதே வயது வெள்ளைப் பிள்ளைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு என்றது. 13 முதல் 17 வயது வரை நிலைமை நேர்மாறு. தற்கொலை கறுப்பினத்தவரிடம் குறைவு என்று மருத்துவ உலகம் அதுவரை நம்பிவந்ததால், சின்னப் பிள்ளைகளின் கணக்கு கண்ணில் படவே இல்லை. அதன் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் பணிக்குழு அமைத்து, 2019 டிசம்பரில் எச்சரிக்கை மணி என்ற பொருளிலேயே தலைப்பிட்டு அறிக்கை கொண்டுவந்தார்கள்.

போலீஸ் உண்டு, கவுன்சிலர் இல்லை

250 மாணவர்களுக்கு ஒரு கவுன்சிலர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பெரும்பாலான மாநிலங்கள் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. ஏசிஎல்யூ என்ற குடிமக்கள் உரிமை அமைப்பு 2019-இல் சொன்ன கணக்கு இன்னும் வருத்தமானது. காவலர் பணியில் இருந்தும், கவுன்சிலர், நர்ஸ், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவர்கூட இல்லாத பள்ளிகளில் அப்போது 1.4 கோடி மாணவர்கள் படித்தார்கள். அழுகிற பிள்ளை யாரிடம் போவான்? அந்தப் பள்ளியில் மிஞ்சியிருக்கும் பெரியவரின் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது.

ஆசிரியர் மாறும்போது

கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 31 கணக்கு ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு ஜேசன் ஒகோனோஃபுவா என்ற ஆய்வாளரும் குழுவினரும் ஒரு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தண்டனை ஏன் கூடாது என்று சொற்பொழிவு எதுவும் இல்லை. தப்பு செய்த பிள்ளைகள் தங்கள் பக்கத்தைச் சொல்லும் கதைகளை ஆசிரியர்கள் கணினியில் படித்தார்கள். பிள்ளையோடு உறவை விட்டுவிடாமல் கண்டிப்பது எப்படி என்று தங்கள் அனுபவத்திலிருந்து எழுதினார்கள். எல்லாம் சேர்த்து ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஆசிரியர்களின் மாணவர்களிடையே ஆண்டு முழுவதும் சஸ்பெண்ட் ஆனவர்கள் 4.8 சதவீதம். பயிற்சி பெறாத ஆசிரியர்களின் மாணவர்களில் அது 9.6 சதவீதம். பாதிக்குப் பாதி. 2016-இல் வெளியான இந்த முடிவைப் படித்தபோது, ஆசிரியர்களைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் பயனில்லை என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. அவர்களுக்கும் நாற்பது பிள்ளைகள், சிலபஸ், தலைமையாசிரியரின் நெருக்கடி எல்லாம் இருக்கிறது. நிதானிக்க ஒரு நிமிடம் கிடைத்தால் பெரும்பாலானவர்கள் நிதானிக்கிறார்கள்.

தன் இனத்தைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவரையாவது பார்ப்பதும் பிள்ளைக்கு உரம். வட கரோலினாவில், 3-ஆம் வகுப்பு முதல் 5-ஆம் வகுப்புக்குள் ஒரு கறுப்பின ஆசிரியரிடமாவது படித்த ஏழைக் கறுப்பினச் சிறுவர்களிடையே, பின்னாளில் உயர்நிலைப் பள்ளியை விட்டு நிற்பது 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் அப்படி ஆசிரியர் கிடைப்பதுதான் அரிது. அமெரிக்க ஆசிரியர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 7 சதவீதம்தான். இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1954 தீர்ப்புக்குப் பிறகு தென்மாநிலங்களில் பள்ளிகளை இணைத்தபோது, பிள்ளைகளை வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பினார்கள், கறுப்பின ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1965-க்குள் தெற்கிலும் எல்லை மாநிலங்களிலும் சுமார் 38,000 பேர் வேலை இழந்ததாகக் கணக்கு. தீர்ப்பு காப்பாற்ற நினைத்த பிள்ளைகளிடமிருந்தே அவர்களை நன்றாக அறிந்த பெரியவர்களைப் பிடுங்கிவிட்டார்கள்.

கல்லூரி வயதில் வேறொரு வகைத் தனிமை. சேர்ந்த முதல் வருடம், ‘எனக்கு இங்கே இடமில்லையோ’ என்று எல்லாருக்கும் தோன்றும். கறுப்பின மாணவருக்கு மட்டும் அது தன் இனத்தால் என்று படுகிறது. ‘இந்தத் தயக்கம் எல்லாருக்கும் வரும், போகப்போகச் சரியாகும்’ என்று மூத்த மாணவர்கள் சொல்லும் அனுபவங்களைப் படிக்கவைத்து ஒரு மணி நேரம் செலவழித்ததில், மூன்று வருடம் கழித்தும் மதிப்பெண்ணும் உடல்நலமும் மேம்பட்டிருந்ததாக கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் 2011-இல் எழுதினார்கள். அதே முறையை 22 கல்லூரிகளில் 26 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் பின்னர் செய்து பார்த்து, 2023-இல் முடிவைச் சொன்னார்கள். உண்மையிலேயே சேர்ந்து பழக வாய்ப்பு இருந்த கல்லூரிகளில்தான் அது பலித்தது. கல்லூரி மாறாத இடத்தில் மாணவனிடம் ‘எல்லாம் சரியாகும்’ என்று சொன்னது எடுபடவில்லை.

ரூபியின் வகுப்புக்கு மறுபடி வருவோம். அலமாரி விஷயம் தெரிந்த பிறகு பார்பரா ஹென்றி மதிய வேளையில் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்.

நம் வீட்டுப் பிள்ளைகள்

1959-இல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங், திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளிக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை, ‘அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டப்படாதவர்’ என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் அதிர்ச்சி. யோசித்துப் பார்த்து, ஆம், நான் அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டதாக அவரே பின்னாளில் சொன்னார். மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு வரை சாதி வந்துவிட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றி, நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதிவெறியால் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையையும் மனநல ஆவணமாகவே நான் படிக்கிறேன்.

அமெரிக்காவிலும் மற்ற நாடுகளிலும் பிள்ளை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘இந்தியப் பிள்ளை, கணக்கில் புலியாகத்தான் இருப்பாய்’ என்பதும் ஒரு முத்திரைதான். கணக்கு வராத பிள்ளைக்கு அது சுமை, வரும் பிள்ளைக்கும் தான் திணறுவதைச் சொல்ல முடியாத பூட்டு. பெயரை டீச்சர் தப்பாகச் சொன்னால், ‘போனால் போகட்டும், விடு’ என்று அடக்கிவிடாதீர்கள். சரியாகச் சொல்லித்தர நீங்களே ஒருமுறை பள்ளிக்குப் போய்வாருங்கள். கறுப்பின நண்பனைப் பற்றி நம் வீட்டு ஹாலில் தாத்தாவோ மாமாவோ லேசாகச் சொல்லும் ஒரு வார்த்தையும் பிள்ளையின் காதில் விழுகிறது. அதையும் அங்கேயே நிறுத்துங்கள்.

திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி, விருப்பமான பாடத்தில் திடீரென்று ஆர்வம் போவது, வீட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று டிபன் பாக்ஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருவது, தன் நிறத்தையோ முடியையோ பேச்சையோ வெறுப்பது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் குழந்தை மருத்துவரையும் வகுப்பு ஆசிரியரையும் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற மாதிரி ஒரு சொல் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேடுங்கள். அமெரிக்காவில் 988, இந்தியாவில் டெலி மானஸ் 14416. இரண்டும் இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம்.

‘பள்ளியில் ஏதாவது பிரச்சினையா?’ என்று நேராகக் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்ற பதில்தான் வரும். சாயங்காலம் டிபன் பாக்ஸைக் கழுவும்போது பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு, இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்டுப் பாருங்கள்.